கையேடா, வினா வங்கியா, வகுப்பா? ஓட்டுநர் உரிம எழுத்துத் தேர்வுக்கு எதை நம்பிப் படிப்பது

ஓட்டுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வுக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னவுடன் மூன்று விதமான அறிவுரைகள் வந்து சேரும். உரிமம் வழங்கும் துறையின் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட வேண்டும் என்பார் ஒருவர். கையேட்டைத் தொடவே வேண்டியதில்லை, கைபேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டு மாதிரித் தேர்வுகளை எழுதிக்கொண்டே இருந்தால் போதும், அதே கேள்விகள்தான் அங்கும் வரும் என்பார் இன்னொருவர். பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டால் அவர்களே எல்லாவற்றையும் சொல்லித் தந்துவிடுவார்கள் என்பார் மூன்றாமவர். மூவரும் தேர்வில் தேறி வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் என்பதால், எவர் சொல்வதையும் பொய் என்று தள்ள இயலாது. ஆனால் அவர்கள் எழுதிய தேர்வும் நாம் எழுதப்போகும் தேர்வும் ஒரே அமைப்பைக் கொண்டவையா என்று நாம் அவர்களைக் கேட்பதில்லை. படிக்கும் வழியைத் தெரிவு செய்வதில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் கேட்கப்படாத கேள்வியிலிருந்து பிறப்பவை என்பது என் எண்ணம்.

எழுத்துத் தேர்வு என்னும் ஒரே பெயருக்குள் மிகவும் வேறுபட்ட தேர்வுகள் இருக்கின்றன. பிரிட்டனில் கார் ஓட்ட விரும்புபவர் 57 நிமிடங்களில் 50 கேள்விகளுக்கு விடையளித்து, அவற்றில் குறைந்தது 43 கேள்விகளில் சரியாக இருக்க வேண்டும். அதே அமர்வில் காணொளித் துண்டுகளைப் பார்த்து ஆபத்தை முன்கூட்டியே உணரும் தனிப் பகுதி ஒன்றும் உண்டு. ஜெர்மனியில் முதன்முறை கார் உரிமம் பெறுபவருக்கு 30 கேள்விகள். அங்கே சரியான விடைக்கு மதிப்பெண் சேர்வதில்லை, தவறான விடைக்குத்தான் கேள்வியின் கனத்துக்கேற்ப 2 முதல் 5 வரை பிழைப்புள்ளிகள் சேர்கின்றன. அந்தக் கூட்டுத்தொகை 10 புள்ளியைத் தாண்டினால் தோல்வி. 5 புள்ளிக் கேள்விகள் இரண்டைத் தவறவிட்டாலோ கூட்டுத்தொகை பத்தாகவே நின்றாலும் தோல்விதான். ஜப்பானில் தற்காலிக உரிமத்துக்கான தேர்வில் 50 கூற்றுகள் தரப்பட்டு ஒவ்வொன்றும் சரியா தவறா என்று மட்டும் குறிக்கச் சொல்கிறார்கள். 45 சரியாக இருந்தால் தேர்ச்சி. பிரான்சில் 40 கேள்விகளுக்கு 35, சிங்கப்பூரின் அடிப்படைத் தேர்வில் 50 கேள்விகளுக்கு 45, இந்தியாவின் பழகுநர் உரிமத் தேர்வில் 60 சதவீதம் என்று எல்லைக்கோடு ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக வரையப்பட்டிருக்கிறது.

இந்த எண்களைப் பார்த்து எது கடினம், எது எளிது என்று சட்டென்று முடிவு கட்டிவிடக் கூடாது. குருட்டாம்போக்கில் குறிக்கும் விடைகளும் சில சமயம் சரியாக விழும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டால்தான் உண்மை நிலை தெரியும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில், தெரியாத கேள்விகளில் சராசரியாக நான்கில் ஒரு பங்கு தானாகவே சரியாகிவிடும். சரி, தவறு என்று மட்டும் குறிக்கும் தேர்விலோ பாதி சரியாகிவிடும். அப்படிப் பார்த்தால், 50 கேள்விகளுக்கு 43 கேட்கும் நான்கு விடைத் தேர்வில் தேற ஏறக்குறைய 81 சதவீதக் கேள்விகளுக்கு விடை உண்மையாகவே தெரிந்திருக்க வேண்டும். 50 கூற்றுகளுக்கு 45 கேட்கும் சரி-தவறுத் தேர்வில் தேற 80 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். வெளித்தோற்றத்தில் 86 சதவீதமும் 90 சதவீதமுமாக வேறுபடும் இரண்டு எல்லைகள், உள்ளே ஒரே அளவு அறிவைத்தான் கேட்கின்றன. மாறாக, 60 சதவீதம் போதும் என்று சொல்லும் நான்கு விடைத் தேர்வு ஒன்றில் பாதிக்கும் சற்றுக் குறைவாகத் தெரிந்தவரும் சராசரியில் எல்லையைத் தொட்டுவிடுவார். ஆகவே 60 சதவீதத் தேர்வில் செயலி மட்டுமே போதுமானதாக இருந்தது என்று ஒருவர் சொன்னால், அதை 86 சதவீதத் தேர்வு எழுதப்போகிறவர் அப்படியே ஏற்றுக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

தேர்வின் அமைப்புக்கு அடுத்தபடியாக அறிந்துகொள்ள வேண்டியது, உண்மையான கேள்விகள் வெளியிடப்பட்டிருக்கின்றனவா என்பது. கையேட்டுக்கும் வினா வங்கிக்கும் இடையிலான போட்டியைப் பெரும்பாலும் இந்த ஒரு செய்தியே தீர்த்துவிடுகிறது. ஜெர்மனியில் தேர்வுக்கான அதிகாரபூர்வக் கேள்விகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவை வெளிப்படையாகவே கிடைக்கின்றன, தேர்வில் வருபவை அவற்றிலிருந்து எடுக்கப்படுபவையே. அத்தகைய இடத்தில் முழு வினா வங்கியையும் கடந்து வராமல் தேர்வுக்குச் செல்வது வீண் துணிச்சல். பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே 2012 முதல் உண்மையான தேர்வுக் கேள்விகள் வெளியிடப்படுவதில்லை. கடைகளிலும் செயலிகளிலும் கிடைப்பவை அதே பாடப்பொருளைத் தொடும் பயிற்சிக் கேள்விகள் மட்டுமே. அங்கே வினா வங்கியை மனப்பாடம் செய்தவர், தேர்வுக்கூடத்தில் தமக்குத் தெரிந்த விதியே வேறு சொற்களில் எதிரே வந்து நிற்பதைக் கண்டு தடுமாற வேண்டியிருக்கும்.

இனிக் கையேடு. அதன்மேல் வைக்கப்படும் குறை, அது நீளமானது, சலிப்பூட்டுவது என்பது. இரண்டும் உண்மை. ஆனால் விதிகளுக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கைக் காட்டக்கூடியது கையேடு ஒன்றே. சாலைக் குறியீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு செயலி அவற்றை ஒவ்வொரு படமாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் பொருள் கேட்கிறது. கற்பவர் நூற்றுக்கணக்கான படங்களைத் தனித்தனியாக நினைவில் வைக்க முயல்கிறார். கையேட்டில் குறியீடுகளைப் பற்றிய அத்தியாயத்தைப் படிப்பவரோ, அங்கே ஓர் இலக்கணம் இருப்பதைக் கண்டுகொள்கிறார். 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையைப் பின்பற்றும் நாடுகளிலும் அதை ஒட்டிக் குறியீடுகளை அமைத்துக்கொண்ட நாடுகளிலும், சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் எச்சரிக்கை, சிவப்பு விளிம்புள்ள வட்டம் தடை அல்லது வரம்பு, நீல வட்டம் கட்டாயம் என்பது பொது வழக்கு. அமெரிக்காவில் எச்சரிக்கைப் பலகைகள் மஞ்சள் நிறச் சாய்சதுரங்கள். அந்தந்த நாட்டின் இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டவர், முன்பு கண்டிராத ஒரு குறியீட்டைத் தேர்வில் கண்டாலும், வடிவத்தையும் நிறத்தையும் வைத்து நான்கு விடைகளில் இரண்டையாவது கழித்துவிடுவார்.

'நில்' என்னும் பலகை ஏன் எண்கோணமாக இருக்கிறது என்பதும் இந்த இலக்கணத்தின் ஒரு பகுதிதான். 1923இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பள்ளத்தாக்கு மாநிலங்களின் நெடுஞ்சாலைத் துறையினர், ஆபத்து கூடக் கூடப் பலகையின் பக்கங்களும் கூடட்டும் என்ற அடிப்படையில் பரிந்துரைத்த வடிவம் அது. சிவப்பு நிறம் அங்கே 1954இல்தான் விதியானது. எண்கோணமும், 'வழிவிடு' பலகைக்கு உரிய தலைகீழ் முக்கோணமும் வேறு எந்தப் பலகைக்கும் தரப்படாததால், எழுத்துகள் அழுக்கிலோ பனியிலோ மறைந்திருந்தாலும், பலகையைப் பின்புறத்திலிருந்து பார்த்தாலும், குறுக்குச் சாலையில் வருபவர் நிற்க வேண்டியவரா, வழிவிட வேண்டியவரா என்று தெரிந்துவிடும். இந்தக் காரணம் தெரிந்தவருக்குப் பலகையின் வடிவம் மறப்பதில்லை. வரலாறு தேர்வில் வராது என்று சொல்லலாம். வராதுதான், ஆனால் வருவதை நினைவில் தாங்கிப் பிடிப்பது அதுதான்.

வண்டியை நிறுத்தத் தேவைப்படும் தொலைவைப் பற்றிய அட்டவணையும் அப்படிப்பட்டதே. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பில் மணிக்கு 30 மைல் வேகத்தில் சிந்திக்கும் தொலைவு, அதாவது ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்கும்வரை வண்டி ஓடும் தொலைவு, 9 மீட்டர், பிரேக் பிடிக்கும் தொலைவு 14 மீட்டர், ஆக 23 மீட்டர் என்று இருக்கிறது. 60 மைலுக்கு முறையே 18, 55, ஆக 73 மீட்டர். இவற்றை வெறும் எண்களாக உருப்போடுபவர் ஒரு வாரத்தில் குழம்பிவிடுவார். வேகம் இருமடங்கானால் சிந்திக்கும் தொலைவும் இருமடங்காகும், பிரேக் பிடிக்கும் தொலைவோ நான்கு மடங்காகும் என்னும் காரணத்தை அறிந்தவர், ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றதைத் தாமே கணக்கிட்டுவிடலாம். ஜெர்மனியில் கற்பிக்கப்படும் வழி இன்னும் வெளிப்படையானது: வேகத்தைப் பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால் சிந்திக்கும் தொலைவு, வகுத்து வந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் பிரேக் தொலைவு. மணிக்கு 50 கிலோமீட்டரில் 15 மீட்டரும் 25 மீட்டரும் சேர்ந்து 40 மீட்டர். ஏறத்தாழ ஒரே வேகத்துக்கு ஒரு நாடு 23 என்றும் மற்றொரு நாடு 40 என்றும் சொல்வதைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. ஓட்டுநர் எவ்வளவு விரைவில் எதிர்வினை காட்டுவார், பிரேக்கை எவ்வளவு வலுவாக மிதிப்பார் என்று அவர்கள் வைத்துக்கொண்ட அடிப்படைகள் வேறு. தேர்வில் கேட்கப்படுவது இயற்பியலின் இறுதி உண்மை அல்ல, தேர்வு நடத்தும் துறை தன் கையேட்டில் அச்சிட்ட எண் என்பதை மட்டும் மறவாதிருந்தால் போதும்.

இவ்வளவு சிறப்புகள் இருந்தும், கையேட்டை மட்டும் நம்பியவர்கள் தோற்கிறார்கள். காரணம் கையேட்டில் இல்லை, படிக்கும் முறையில் இருக்கிறது. ஒரு பக்கத்தை இரண்டாம் முறை படிக்கும்போது அது பழகிய முகமாகத் தோன்றுகிறது. அந்தப் பழக்கத்தை நாம் அறிவு என்று எடுத்துக்கொள்கிறோம். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியை மறுமுறை படித்தவர்களும், மறுமுறை படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் ஒப்பிடப்பட்டனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுமுறை படித்தவர்கள் 81 சதவீதத்துடன் முந்தினார்கள். எழுதிப் பார்த்தவர்களுக்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது: மறுமுறை படித்தவர்களுக்கு 42, எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. 2013இல் டன்லாஸ்கியும் அவருடைய நான்கு சகஆய்வாளர்களும் பத்துக் கற்றல் முறைகளை மதிப்பிட்டபோதும், தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் மட்டுமே மிகுபயன் தருபவை என்ற இடத்தைப் பெற்றன. மஞ்சள் மையால் அடிக்கோடிடுவதும் திரும்பத் திரும்பப் படிப்பதும் குறைந்த பயன் தருபவை என்ற வரிசைக்குப் போயின. கையேடு முழுவதையும் வண்ணம் தீட்டி வைத்திருப்பவர்களுக்கு இது வருத்தம் தரும் செய்திதான்.

வினா வங்கியின் வலிமை இங்கேதான் இருக்கிறது. அது நம்மைச் சோதிக்கிறது. தெரிந்தது எது, தெரிந்ததுபோல் தோன்றுவது எது என்று பிரித்துக் காட்டுகிறது. நேர அளவுக்குப் பழக்குகிறது. கேள்வியின் மொழிநடைக்கும் பழக்குகிறது. பின்வருவனவற்றுள் எது சரியன்று, எந்தச் சூழலில் முந்திச் செல்லக் கூடாது என்பன போன்ற எதிர்மறைக் கேள்விகளில் பலர் மதிப்பெண் இழப்பது விதி தெரியாததால் அல்ல, கேள்வியின் வாலை வாசிக்காததால். இந்தப் பிழையைக் கையேடு திருத்தாது. பத்து மாதிரித் தேர்வுகள் திருத்திவிடும்.

ஆனால் வினா வங்கிக்கு ஒரு நோய் உண்டு, அதை நான் அனுபவித்தே அறிந்தேன். முதல் முறை தேர்வுக்குத் தயாரானபோது ஒரு செயலியில் இருந்த கேள்விகள் அனைத்தையும் பலமுறை முடித்து, ஏறக்குறைய முழு மதிப்பெண் எடுக்கும் நிலைக்கு வந்திருந்தேன். ரவுண்டானாவில் யாருக்கு முன்னுரிமை என்ற கேள்வியின் முதல் நான்கு சொற்களைக் கண்டதுமே விரல் மூன்றாம் விடைக்குப் போய்விடும். தேர்வில் அதே படம் வந்தது. கேள்வி மட்டும், யார் காத்திருக்க வேண்டும் என்று மாறியிருந்தது. விரல் பழக்கத்தின்படி போனது. அன்று இரண்டு மதிப்பெண்ணில் தவறிவிட்டேன், அந்த இரண்டில் ஒன்று இது. நான் கற்றிருந்தது விதியை அல்ல, கேள்வியின் முகத்தையும் விடை இருந்த இடத்தையும். விடைகளின் வரிசையை ஒவ்வொரு முறையும் மாற்றித் தராத செயலி எதுவானாலும், ஒருமுறைக்கு மேல் அது தரும் மதிப்பெண்ணை நம்புவதற்கில்லை என்று அன்று முதல் கருதுகிறேன்.

அதைவிட ஆபத்தானது, கேள்விகள் பழையவையாகவோ வேறிடத்துக்கு உரியவையாகவோ இருப்பது. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் ரவுண்டானாவுக்குள் நுழைபவர் பொதுவாக வலப்புறத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிட வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இது அப்படியே மாறிவிடும். ஒரே நாட்டுக்குள்ளும் வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில் ஓட்டுநரின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் அனுமதிக்கப்படும் மது 80 மில்லிகிராம் என்று இருக்க, ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் அதை 50 மில்லிகிராமாகக் குறைத்துக்கொண்டது. பிரிட்டனின் விதித்தொகுப்பு 2022 ஜனவரியில் திருத்தப்பட்டு, சந்திப்பில் சாலையைக் கடக்கக் காத்திருக்கும் பாதசாரிக்கும் திரும்பும் வண்டி வழிவிட வேண்டும் என்றானது; அதற்கு முன் தொகுக்கப்பட்ட கேள்விகளில் காத்திருப்பவரைப் பற்றிய பேச்சே இராது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளைப் பெருமளவு மாற்றியது. அதற்கு முந்தைய கேள்வித்தாள்கள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இலவசமாகக் கிடைக்கும் ஒரு வினா வங்கியைப் பயன்படுத்துமுன், அண்மையில் மாறியதென்று நமக்குத் தெரிந்த ஏதேனும் ஒரு விதியை அதில் தேடிப் பார்ப்பது நல்லது. பழைய விடையே அங்கே இருந்தால் அந்தச் செயலியை அப்போதே நீக்கிவிடலாம்.

பயிற்சிப் பள்ளியின் வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஜெர்மனியைப் போல வகுப்பில் அமர்வதையே கட்டாயமாக வைத்திருக்கும் முறையில் இது ஒரு தெரிவே அல்ல. தெரிவாக இருக்கும் இடங்களில் அதன் பயன் முழுக்க முழுக்க ஆசிரியரைப் பொறுத்தது. கேள்வித்தாளைப் படித்து விடையை மட்டும் சொல்லிக்கொண்டு போகும் வகுப்பு, செயலி செய்வதையே மெதுவாகச் செய்கிறது. ஆனால் சமமான சாலைகள் சந்திக்கும் இடத்தில் நான்கு பக்கமும் வண்டிகள் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்று கரும்பலகையில் வரைந்து, மாணவரையே விடை சொல்ல வைத்து, தவறினால் ஏன் தவறு என்று விளக்கும் ஆசிரியர் கிடைத்தால், கையேட்டின் கடினமான இரண்டு அத்தியாயங்கள் ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிடும். எழுத்து வாசிப்பில் வேகம் குறைந்தவர்களுக்கும், படித்து வெகுகாலம் ஆனவர்களுக்கும் வகுப்பு நல்ல தெரிவு. மற்றவர்கள் முன்னுரிமை விதிகளில் மட்டும் ஐயம் இருந்தால், முழு வகுப்பில் சேராமல், நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவருடன் ஒரு மாலை அமர்ந்து வரைந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஆபத்தை உணரும் பகுதி இருக்கும் தேர்வுகளுக்கு மேற்சொன்ன மூன்றுமே போதா. பிரிட்டனில் 2002 நவம்பரில் சேர்க்கப்பட்ட அந்தப் பகுதியில் 14 காணொளித் துண்டுகள் காட்டப்படுகின்றன. ஒன்றில் மட்டும் இரண்டு ஆபத்துகள், மற்றவற்றில் ஒவ்வொன்று. ஆபத்து உருவாகத் தொடங்கும்போதே சொடுக்கினால் 5 மதிப்பெண், தாமதிக்கத் தாமதிக்கக் குறையும். 75 மதிப்பெண்ணுக்கு 44 வேண்டும். தொடர்ந்தோ ஒரே தாளத்திலோ சொடுக்கிக்கொண்டிருந்தால் அந்தத் துண்டுக்குச் சுழியம். நிறுத்தப்பட்ட காரின் கதவு சற்று அசைவதையும், நடைபாதையில் ஓடும் பந்தையும் பார்த்து அடுத்து நடக்கப்போவதை ஊகிக்கும் இந்தத் திறனைப் பத்திகளிலிருந்து பெற இயலாது. காணொளிப் பயிற்சி இங்கே தவிர்க்க முடியாதது. அதைவிட மலிவான பயிற்சி, பிறர் ஓட்டும் வண்டியில் முன்னிருக்கையில் அமர்ந்து, கண்ணில் படும் ஆபத்துகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செல்வது. ஓட்டுபவரின் பொறுமையைக் கேட்டுக்கொண்டு தொடங்குவது நலம்.

இவற்றையெல்லாம் ஒப்பிட்ட பிறகு நான் வந்து சேர்ந்த முடிவு, கையேடா வினா வங்கியா என்ற கேள்வியைவிட எதை முதலில் எடுப்பது என்ற கேள்வியே பெரியது என்பது. பெரும்பாலானோர் கையேட்டைப் படித்து முடித்துவிட்டு, இறுதியில் மாதிரித் தேர்வு எழுதித் தம்மைச் சோதிக்கிறார்கள். இதைத் திருப்பிப் போடுவதே சிறந்தது. எதையும் படிக்காமல், முதல் நாளே ஒரு மாதிரித் தேர்வை எழுதிவிட வேண்டும். மதிப்பெண் மோசமாகத்தான் வரும், ஆனால் சாலையில் நடந்தும் பயணித்தும் ஏற்கெனவே அறிந்திருப்பவை எவை என்பது தெரிந்துவிடும். அவற்றுக்கு மீண்டும் நேரம் செலவிட வேண்டியதில்லை. பிறகு கையேட்டை எடுத்து, தவறிய கேள்விகள் சார்ந்த அத்தியாயங்களை முதலிலும் மற்றவற்றை அடுத்தும் படிக்க வேண்டும். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் புத்தகத்தை மூடிவிட்டு, அதில் இருந்த விதிகளை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். அதன் பிறகே மீண்டும் வினா வங்கி. அப்போதும் விடையைக் குறித்தால் மட்டும் போதாது. மற்ற விடைகள் ஏன் தவறு என்று ஒரு வரியில் சொல்ல முடிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சொல்ல முடியாத கேள்விகளைச் சரியாக விடையளித்திருந்தாலும் தவறியவையாகவே குறித்து வைப்பது என் வழக்கம். இரண்டாம் முறை நான் தேறியது இந்த ஏற்பாட்டில்தான். கேள்விகள் முழுவதும் வெளியிடப்பட்டுள்ள நாட்டில் இருப்பவர் இதில் ஒரு மாற்றம் செய்துகொள்ளலாம்: வினா வங்கியே முதுகெலும்பு, கையேடு அகராதிபோலத் தேவைப்படும் இடத்தில் மட்டும்.

கால அளவிலும் ஒரு தெரிவு இருக்கிறது. மொத்தம் பன்னிரண்டு மணி நேரம் ஒதுக்க முடிகிறவர் அதைத் தேர்வுக்கு முந்தைய இரண்டு நாளில் செலவிடலாம், அல்லது மூன்று வாரங்களில் நாளொன்றுக்கு முப்பத்தைந்து நிமிடமாகப் பரப்பலாம். மறதியின் வேகத்தை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் தம்மையே சோதித்து அளந்து வெளியிட்டது 1885இல். இடைவெளி விட்டுப் படித்தது நிலைத்து நிற்கிறது என்பது அன்றிலிருந்து மீண்டும் மீண்டும் உறுதியாகி வருகிறது. தேர்வு நாள் ஒன்றை மட்டும் கருதினால் கடைசி நேரப் படிப்பும் கரை சேர்த்துவிடக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எழுத்துத் தேர்வுக்கும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வுக்கும் இடையே வாரங்களோ மாதங்களோ கழியும் முறைகளில், இரண்டு நாளில் திணித்தவர் ஓட்டும் தேர்வின்போது முன்னுரிமை விதிகளை முதலிலிருந்து மீண்டும் படிக்க நேரும். பரப்பிப் படிப்பதே என் பரிந்துரை; இரண்டு நாள்தான் இருக்கிறது என்ற நிலையில் உள்ளவர் குறியீடுகள், முன்னுரிமை, வேக வரம்பு ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம்.

எந்த மொழியில் எழுதுவது என்ற தெரிவு கிடைக்கும் இடங்களில், தாய்மொழியே எளிது என்று யோசிக்காமல் முடிவெடுப்பவர்கள் உண்டு. வாசிக்கும் வேகம் தாய்மொழியில் கூடுதல் என்பது உண்மை. ஆனால் படித்த மொழியும் எழுதும் மொழியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே முதன்மையானது. கையேட்டையும் செயலியையும் ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தேர்வை மட்டும் தமிழில் எழுதுபவர், பேச்சில் ஓவர்டேக் என்றும் இண்டிகேட்டர் என்றும் சொல்லிப் பழகியிருக்க, திரையில் 'முந்திச் செல்லுதல்', 'திசை காட்டி' என்று கண்டு சில நொடிகள் தயங்குவார். கேள்விக்கு நேர வரம்பு இருந்தால் அந்த நொடிகளுக்கு விலை உண்டு. மொழிபெயர்க்கப்பட்ட கேள்விகளில் வாக்கியம் சிக்கலாகிவிடுவதும் உண்டு. இரு மொழிகளிலும் தலா ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்து, மதிப்பெண்ணோடு எடுத்துக்கொண்ட நேரத்தையும் ஒப்பிட்டுவிட்டு முடிவெடுக்கலாம். புலம்பெயர்ந்து வாழ்பவர்களுக்கு இந்தத் தெரிவு பெரும்பாலும் இல்லை. ஜெர்மனி 12 அயல்மொழிகளில் தேர்வு எழுத இடமளிக்கிறது, அவற்றில் தமிழ் இல்லை. பிரிட்டன் 2014 ஏப்ரலில் அயல்மொழிக் குரல்வழி உதவியை நிறுத்திவிட்டது. அங்கெல்லாம் உள்ளூர் மொழியின் சாலைச் சொற்களைத் தனிப் பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டு, கையேட்டுக்கு முன்பே அதைப் படித்துவிட வேண்டும்.

தேர்வு நாளை எப்போது பதிவு செய்வது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 50 கேள்விகளுக்கு 43 தேவைப்படும் தேர்வில், மாதிரித் தேர்வுகளில் சராசரியாக 43 வரத் தொடங்கியதும் தயாராகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். சராசரி எல்லைக்கோட்டிலேயே நிற்பவர், கேள்விகள் அமையும் விதத்தைப் பொறுத்துப் பத்தில் நான்கு முறை தவறுவார். சராசரி 46 ஆக உயர்ந்தால் தவறும் வாய்ப்பு ஏறக்குறைய இருபதில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. மூன்று கேள்விகள் கூடுதலாகத் தெரிந்திருப்பது இவ்வளவு வேறுபாட்டைத் தருகிறது. இந்தச் சராசரியை, முன்பு பார்த்திராத கேள்விகளைக் கொண்ட மாதிரித் தேர்வுகளிலிருந்து எடுக்க வேண்டும். அதற்காக வினா வங்கியில் நான்கைந்து தேர்வுகளைத் தொடக்கத்திலிருந்தே தொடாமல் ஒதுக்கி வைத்து, கடைசி வாரத்தில் மட்டும் திறந்தால், வரும் மதிப்பெண் நம்பத் தகுந்ததாக இருக்கும்.